அம்மா பல்பு வைத்த வண்டி

இன்று காலை கும்பகோணத்தில் ஒரு மெக்கானிக், இரண்டு நாள் நின்றாலே சார்ஜ் இறங்கிவிடும் என் காரின் பேட்டரியில் சின்ன பல்பு ஒன்றைக் கோத்தார். அந்த மங்கிய வெளிச்சம் என்னை ஒன்பது வயதுக்குக் கொண்டுபோனது.

நாகப்பட்டினத்தில் அம்மா மீன் வியாபாரம் செய்தாள். எங்கள் பிக்கப் வண்டியை மாமா ஓட்டினார். மூன்று நாளாக அது காலையில் கிளம்பவில்லை. அன்றும் மீன் ஏற்றியபின் சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்றது. பெட்டிகளில் வஞ்சிரம். உருகிய ஐஸ் தரையெங்கும் சொட்டியது. வெயில் ஏறுவதற்குள் மயிலாடுதுறை சந்தைக்குப் போயாக வேண்டும்.

“பேட்டரி போச்சுக்கா. புதுசுதான் மாத்தணும்,” என்றார் மாமா.

“புதுசும் இறங்கிடும்டா. எதுவோ கரண்ட்ட இழுக்குது.”

அம்மா படகு இன்ஜின்களோடு வளர்ந்தவள். பேட்டரியின் ஒயர் ஒன்றைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு பல்பை வைத்தாள். எல்லாம் அணைத்திருந்தும் அது எரிந்தது.

மாமா ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க, நான் பல்பையே பார்த்திருந்தேன். ஐந்தாவதில் பொசுக்கென்று அணைந்தது.

“அணைஞ்சிருச்சும்மா,” என்று குதித்தேன்.

அது மாமாவே மாட்டிய டேப் ரெக்கார்டரின் ஃபியூஸ். அவர் தலையைச் சொறிந்தார்.

“இனிமே நீயே பாடிக்கிட்டு ஓட்டு,” என்றாள் அம்மா.

நாலு பேர் தள்ளியதும் வண்டி உறுமிக் கிளம்பியது. மாமா நிஜமாகவே பாடினார். பாதி வழியில் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். அவள் பாடி அன்றுதான் கேட்டேன்.

“இதுதாங்க,” என்று மெக்கானிக் ஒரு ஃபியூஸைக் காட்டினார். நான் அதற்குள் அம்மாவுக்குப் போன் போட்டிருந்தேன்.