கறுப்பு டேப் ஒட்டிய பெடல்

கோலாலம்பூரின் செந்தூல் பாசாரில் பக்கிரிசாமி மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பார். ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்து அதே மீனின் செவுளை மறுபடியும் தூக்குவார். இடையில் மாற்றி வைத்திருக்கலாம் அல்லவா. ரயில்வே பட்டறைக் குடியிருப்பில் பிறந்தவர். ஷா ஆலத்தில் ரேடியோவுக்குப் பாகங்கள் பூட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. மற்றவர்கள் பூட்டி முடித்ததைச் சோதித்துக் குறை சொல்வதற்காகவே அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வார இறுதிகளில் பிரிக்பீல்ட்ஸ் ராதாகிருஷ்ணன் மாஸ்டரின் இசைக்குழுவில் லீட் கித்தார் வாசித்தார்.

அந்தக் குழு கல்யாண மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் சினிமாப் பாட்டு வாசிக்கும். பாட்டின் நடுவில் கித்தார் தனியாக எழுந்து வரும் இடங்கள் சில உண்டு. அங்கே கித்தாரின் ஒலி கொஞ்சம் கரகரத்து, நாதஸ்வரக்காரர் மூச்சை நிறுத்திப் பிடிப்பதுபோல் நீண்டு நிற்க வேண்டும். அதற்குத்தான் ஓவர்டிரைவ் பெடல். காலால் மிதித்தால் ஒலி தடிக்கும், மறுபடி மிதித்தால் பழைய ஒலி வந்துவிடும்.

எண்பதுகளின் பின்பாதியில் பெடல் வாங்கப் புறப்பட்ட பக்கிரிசாமி, கோலாலம்பூரில் ஒரு சீனர் கடைக்குப் பல சனிக்கிழமைகள் போனார். கடைக் கித்தாரை நம்பாமல் தன் கித்தாரையும் தன் வயரையும் தூக்கிக்கொண்டு போனார். ஒரு பெடலை மிதித்து, ஒரே கம்பியை மீட்டி, ஒலி எப்படிச் சாகிறது என்று காது கொடுப்பார். நல்ல பெடலில் அது மெல்லத் தேயும். மட்டமான பெடலில் கதவைச் சாத்தியதுபோல் அறுந்துவிடும். பிறகு கித்தாரின் ஒலிக் குமிழைப் பாதியாகக் குறைப்பார். கரகரப்பு போய் ஒலி தெளிய வேண்டும். தெளியாவிட்டால் அந்தப் பெடலைக் கீழே வைத்துவிடுவார்.

"பெலி கா, தெங்கோ சாஜா?" என்றார் கடைக்காரர். வாங்கப் போகிறாயா, பார்க்க மட்டும் வந்தாயா என்று கேள்வி.

வீட்டில் மனைவி வீரம்மா சொன்னாள்: "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ ஒரு டீ குடிக்கிற நேரம்தான் பாத்தீங்க. அந்த டப்பாவுக்கு இத்தனை சனிக்கிழமையா?"

"உன்னப் பத்தி விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்."

"யார்கிட்ட?"

பக்கிரிசாமி கித்தாரை எடுத்து உறையில் போட்டார்.

கடைசியில் புதுப் பெடல் எதுவும் தேறவில்லை. கிள்ளானில் வேறொரு குழுவில் வாசித்த ஒருவர் அதே கடையில் விற்றுவிட்டுப் போன பழைய பெடல் தேறியது. அதன் மேலெல்லாம் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அந்தக் காலத்துக் குழுக்களில் அது வழக்கம். ஒரே மேடையில் இரண்டு குழு வாசிக்கும்போது, எதிர்க் குழுக் கித்தார்க்காரர் எட்டிப் பார்த்துப் பெயரைப் படித்துப் போய் அதையே வாங்கிவிடக் கூடாது. பக்கிரிசாமி டேப்பை உரிக்காததோடு, அதன்மேல் இன்னொரு சுற்றும் ஒட்டினார்.

பழைய அலமாரிக் கதவில் ஒரு துண்டை அறுத்துப் பலகை செய்தார். சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிப் பெடலை அதில் இறுக்கினார். முதலில் பேட்டரியில்தான் ஓடியது. பேட்டரி பாட்டின் நடுவில் இறங்கிவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதுசு போட்டார்.

இதைப் பார்த்த கார்த்திகேசு, தன்னிடம் சும்மா கிடந்த, எதிரொலி தரும் எக்கோ பெடலையும், ஒரே அடாப்டரில் இரண்டு பெடலுக்கும் மின்சாரம் தரும் வயரையும் கொண்டுவந்தான். அவன் குழுவின் கீபோர்டுக்காரன். பிரிக்பீல்ட்ஸ்காரன், வங்கியில் குமாஸ்தா.

"பேட்டரி வாங்கி மாளாது அண்ணே. இத வச்சுக்குங்க."

"எதுக்கு எனக்குத் தர்றே?"

"சும்மாதான் கிடக்கு."

பக்கிரிசாமி பெடலையும் வயரையும் வாங்கிக்கொண்டார். அடாப்டரை மட்டும் தானே போய் வாங்கினார். இரண்டு பெடலும் பலகையில் ஏறின. குழுவின் கித்தார் ஒலியைப் பற்றி மண்டபங்களில் பேச்சு எழுந்தது.

மறு வருஷம் கார்த்திகேசு புதுக் கீபோர்டு வாங்கினான். அதில் ஒரு பட்டனை அமுக்கினால் கித்தார் ஒலி வந்தது. ஒத்திகையில் அவன் விளையாட்டாக வாசித்துக் காட்டினான். மாஸ்டர் சிரிக்கவில்லை, கவனமாகக் கேட்டார். வேனில் இடம் மிச்சம், மேடையில் இடம் மிச்சம் என்று அவர் கணக்குப் போடுவதாகப் பக்கிரிசாமிக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் எக்கோ பெடலைப் பலகையிலிருந்து கழற்றினார். அவன் சும்மா கொடுத்தது தன்னை மயக்கி இடத்தைப் பிடிக்கத்தான் என்று இப்போது விளங்கிவிட்டதாக எண்ணம்.

அடுத்த ஒத்திகையில் அடாப்டரைக் குத்தி ஓவர்டிரைவை மிதித்தார். ஒலி தடிக்கவில்லை. தகர டப்பாவுக்குள் கொசு பறப்பதுபோல் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, பெடலைப் பலகையிலிருந்து எடுத்துத் தனியாகப் பேட்டரி போட்டு மீட்டினார். ஒலி கணீரென்று இருந்தது. மறுபடி ஒத்திகையில் கொசு, வீட்டில் கணீர்.

"வீட்ல நல்லாருக்கு, அங்க போனா கெட்டுப்போகுதுன்னா என்ன அர்த்தம்?" என்றார் வீரம்மாவிடம்.

"அங்க போகாதீங்கன்னு அர்த்தம்."

"யாரோ கை வைக்கிறான்."

அதன்பின் ஒத்திகையில் கழிப்பறைக்குப் போனாலும் பலகையைக் கையோடு தூக்கிக்கொண்டு போனார். ஒலி திருந்தவில்லை. மாஸ்டர் அவரைத் தனியே அழைத்தார்.

"சாமி, சனிக்கிழமை கிள்ளான்ல கல்யாணம். பெரிய இடம். அங்கயும் இப்படித்தான்னா, கித்தார் தனியா வர்ற இடத்தையெல்லாம் தம்பி பட்டன்லயே வாசிச்சுரட்டும். நீ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு."

சோதித்துக் குறை சொல்லும் வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அந்த லீட் கித்தார் இடம் மட்டும்தான் பக்கிரிசாமி தானாகக் கற்றுத் தானாகப் பிடித்தது.

கிள்ளான் மண்டபத்தில் மாலையில் ஒலி சரிபார்த்தார்கள். பெடலை மிதித்தார். கொசு. மாஸ்டர் வயலினைக் கீழே இறக்கினார். பக்கிரிசாமி கித்தாரைக் கழற்றாமலே கீபோர்டுப் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், இவன்தான் என் பெடல்ல என்னமோ பண்ணிருக்கான்."

கார்த்திகேசுவுக்கு முதலில் புரியவில்லை. "நானா? உங்க சாமானத் தொட நீங்க யாரையாவது விடுறீங்களா அண்ணே?"

"பட்டனுக்கு வேலை வேணும்ல" என்றார் தபேலாக்காரர், தபேலாவைத் தட்டிக்கொண்டே.

கார்த்திகேசு இறங்கிவந்து பலகையைப் பார்த்தான். "என் எக்கோ எங்க? அது இல்லாமத்தான் இப்படி மொட்டையா கேக்குது. அத மாட்டிப் பாருங்க."

திருப்பிக் கொடுப்பதற்காகப் பையில் வைத்திருந்த எக்கோவைப் பக்கிரிசாமி எடுத்துக் கோர்த்தார். எக்கோவை மிதிக்கவில்லை, ஓவர்டிரைவை மட்டும் மிதித்தார். மண்டபம் நிறைந்தது. நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எக்கோவைக் கழற்றினார், கொசு. மாட்டினார், கணீர்.

"அத மாட்டுனா சரியாகும்னு இவனுக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

 கார்த்திகேசு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கல்யாணத்துக்கு வாசித்தான், சாமானைக் கட்டினான். வேனில் ஏறப்போகையில் மாஸ்டர், "தம்பி, கொஞ்ச நாளைக்கு நீ வரவேணாம்லா" என்றார்.

பக்கிரிசாமியின் இடம் நிலைத்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவன் அதை எப்படிச் செய்தான் என்று தெரியாமல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எக்கோவின் அடித்தகட்டைக் கழற்றி வயர் பற்றவைத்த ஒவ்வொரு ஈயப் பொட்டாகப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஓவர்டிரைவையும் திறந்து பார்த்தார். அதிலும் ஒன்றும் இல்லை. பலகையைத் தூக்கிக்கொண்டு சீனர் கடைக்குப் போனார்.

கடைக்காரர் எக்கோவை எடுத்துவிட்டு, பெட்டியிலிருந்து அப்போதுதான் பிரித்த வேறொரு புதுப் பெடலைக் கோர்த்தார். அதை யாரும் தொட்டிருக்க முடியாது. பக்கிரிசாமி மிதித்தார். கணீர். புதுப் பெடலை எடுத்தார், கொசு.

கடைக்காரர் குனிந்து, அடாப்டர் குத்தும் துளையைச் சுற்றி இருந்த டேப்பை நகத்தால் உரித்தார். இரண்டு சுற்று வந்தது. கீழே எந்த அடாப்டர் போட வேண்டும் என்று அச்சடித்திருந்தது. பக்கிரிசாமி வாங்கியது அது அல்ல, அதைவிடக் குறைந்த வோல்ட்.

அந்தப் பழைய வகைப் பெடலில், மின்சாரம் திரும்பிப் போகும் வழியில் ஒரு தடை இருக்கும். சரியான அடாப்டர் அதற்குச் சேர்த்தே அதிகம் கொடுக்கும். குறைந்த அடாப்டரைப் போட்டால் பெடல் அரை உயிரில் கிடக்கும். அதே அடாப்டரில் புது வகைப் பெடல் ஒன்றையும் கோர்த்துவிட்டால், மின்சாரம் அதன் வழியாகத் திரும்பிவிடும், பழைய பெடலுக்கு முழு உயிர் வரும். பேட்டரிக்கு இந்தத் தொல்லையே கிடையாது. யாரும் கை வைக்கவில்லை.

மறுநாள் அவர் மாஸ்டரிடம் சொன்னார். 

"இத ஏன் இப்ப வந்து சொல்றே?"

"நேத்துத்தான் தெரிஞ்சது."

"நிஜமா நேத்துத்தானா?"

பக்கிரிசாமி அதற்கு என்ன ஆதாரம் காட்ட முடியும் என்று யோசித்தார். ஒன்றும் இல்லை.

"சரி, தம்பியக் கூட்டிட்டு வா. ஒரே பாட்ட ரெண்டு பேரும் வாசிங்க. எது நிக்குதோ அது நிக்கட்டும்."

கார்த்திகேசுவின் பிரிக்பீல்ட்ஸ் வீட்டு முன்னறையில், பலகையைத் தரையில் வைத்துப் பக்கிரிசாமி எல்லாவற்றையும் மாட்டியும் கழற்றியும் காட்டினார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. டேப் உரித்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். கார்த்திகேசு கைகட்டி நின்று பார்த்தான்.

"என் எக்கோவக் குடுங்க."

கொடுத்தார். அவன் பக்கிரிசாமியிடமே ஸ்குரூ டிரைவர் கேட்டு வாங்கி அடித்தகட்டைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தான்.

"இந்த ஈயம் புதுசா தெரியுதே அண்ணே."

"நான் திறந்தேன். எதையும் தொடல."

"அப்படியா" என்று மூடினான்.

ஒத்திகை அன்று பக்கிரிசாமி சரியான அடாப்டரோடு வந்தார். மாஸ்டர் இருவருக்கும் முதுகு காட்டி உட்கார்ந்தார். பக்கிரிசாமி வாசித்தார், கம்பி நீண்டு நின்று மெல்லத் தேய்ந்தது. பிறகு கார்த்திகேசு பட்டனை அமுக்கி வாசித்தான். இரண்டு இடத்தில் விரல் தடுமாறியது. அவன் விரல் தடுமாறி அந்தக் குழுவில் யாரும் கேட்டதில்லை.

"கித்தாரே இருக்கட்டும்" என்றார் மாஸ்டர்.

சாமானைக் கட்டும்போது பக்கிரிசாமி கீபோர்டின் அருகே போய் நின்றார்.

"வேணும்னே தப்பா வாசிச்சியா?"

கார்த்திகேசு உறையின் ஜிப்பை இழுத்து முடித்தான்.

"இல்லன்னு சொன்னா நம்புவீங்களா?"

பக்கிரிசாமி நேர்மையாக யோசித்தார்.

"மாட்டேன்."

"ஆமான்னு சொன்னா?"

 கார்த்திகேசு கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.