வார்னிஷ் டப்பா

பேத்தி பிறந்ததுலேர்ந்து பெயிண்டருக்குக் கால் தரையில பாவல. பார்க்கிறவங்களையெல்லாம் நிறுத்தி, "மூக்கு அப்படியே என் மூக்கு"ன்னு ஒரே அலட்டல். மருமகளோட அப்பா விடுவாரா? "நெத்தி எங்க வீட்டு நெத்தி சம்பந்தி"ம்பார்.

மறுநாள் காலையில ஆஸ்பத்திரியில, நர்ஸம்மா பாப்பாவோட ரத்தத்தைப் பார்த்துட்டு வந்து, "ஓ குரூப்"னு சொல்லிட்டுப் போனாங்க. பெயிண்டர் விரலை விட்டுக் கணக்குப் பார்த்தார். மகன் 'பி', மருமக 'ஏ'. கல்யாணமான புதுசுல ஜோடியா ரத்தம் கொடுத்துட்டு வந்து அவங்களே சொன்னதுதான். காலமெல்லாம் நிறம் கலக்கின கை அவருது. நீலமும் மஞ்சளும் சேர்ந்தா பச்சை. 'ஏ'வும் 'பி'யும் சேர்ந்தா ரெண்டும் இல்லாத 'ஓ' எப்படி வரும்? அய்யய்யோ, குழந்தை மாறிப்போச்சா?

பக்கத்துத் தொட்டிலை நைசா எட்டிப் பார்த்தார். அதுக்கு அடுத்ததையும் பார்த்தார். அந்தப் பிள்ளையோட அம்மா முறைச்சா.

"என்ன மாமா, அதுக்குள்ள வேற பேத்தி தேடுறீங்களா?"ன்னு மருமக சிரிச்சா. அவ மடியில சின்னது கொட்டாவி விட்டுச்சு. இந்த மூக்கை யாருக்கோ தூக்கிக் கொடுக்கணுமான்னு நினைச்சதும் அவர் விறுவிறுன்னு வெளியே வந்தார்.

நர்ஸம்மாவை வராந்தாவுல பிடிச்சுட்டார். "கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். அது எங்க குழந்தைதானா?"

விஷயத்தைக் கேட்டு அந்தம்மா சிரிச்சாங்க. "அய்யா, இது கலக்குற சமாச்சாரமே இல்ல. ஒவ்வொருத்தர்கிட்டயும் ரெண்டு இருக்கும். அம்மா கொடுத்தது ஒண்ணு, அப்பா கொடுத்தது ஒண்ணு. பிள்ளைக்குப் போறது அதுல ஏதோ ஒண்ணுதான். உங்க மகன்கிட்ட 'பி' கூடவே ஒரு 'ஓ' இருக்கு. மருமககிட்ட 'ஏ' கூட ஒரு 'ஓ'. ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் அந்த 'ஓ' பாப்பாவுக்கு வந்திருக்கு."

"இத்தனை நாளா தெரியலையே?"

"பக்கத்துல 'ஏ'யோ 'பி'யோ இருந்தா அதுதான் வெளியில தெரியும்."

பெயிண்டர் தலையைச் சொறிஞ்சார். "அப்போ டப்பாவை உடைக்காம, கலக்காம, அப்படியே கை மாத்தி விடுறது! 'ஓ'ங்கிறது நிறமில்லாத வார்னிஷ். சிவப்போட இருந்தா சிவப்புதான் கண்ணுக்குத் தெரியும். ரெண்டு டப்பாவும் வார்னிஷா அமைஞ்சாத்தான் வார்னிஷ்."

"அதேதான். உங்க குரூப் என்ன?"

பெயிண்டர் பொட்டுன்னு நெத்தியில அடிச்சுக்கிட்டார். சாரத்துலேர்ந்து விழுந்து கால் உடைஞ்சப்பவே சொன்னாங்களே, 'ஓ'ன்னு!

ஓட்டமும் நடையுமா உள்ளே போனார். "அம்மாடி, பிள்ளையைக் கொடு. என் டப்பாவைத் தூக்கிட்டு வந்திருக்கா!" மூச்சு வாங்க எல்லாத்தையும் கொட்டினார்.

ஜன்னலோரம் ஆரஞ்சு உரிச்சுக்கிட்டிருந்த சம்பந்தி மெதுவா கேட்டார். "நானும் 'ஓ'தான் சம்பந்தி. இன்னொரு டப்பா யாரு கொடுத்ததாம்?"

பெயிண்டர் பேத்தியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டார். "சரி, ரத்தத்துல பாதி உங்களுது, எடுத்துக்கோங்க. மூக்குல மட்டும் பங்கு கேக்காதீங்க."