சறுக்குப் பலகையின் அடிக்கம்பி

எங்கள் ஐடஹோ மலையூரில் வெண்டலைப் போலச் சந்தேகக்காரன் கிடையாது. எதிர்வீட்டிலேயே இருப்பவள் நான், எனக்குத் தெரியாதா? அவனுடைய பனிபைக்கில் முன்சக்கரத்துக்குப் பதில் சறுக்குப் பலகை இருக்கும். பைக்கைச் சாய்த்து அதன் அடிக்கம்பியைத் தினமும் தடவிப் பார்ப்பான். பனியில்லாத தாரில் உரசிக் கம்பி மழுங்கினால், உறைந்த சரிவில் பைக் திரும்பாது, நேரே பள்ளம்தான்.

அன்று அவன் மகள் லோர்னா அந்த பைக்கில் மலையேறப் புறப்பட்டாள். கம்பியோ தேய்ந்து கிடந்தது. காபி குடித்துக்கொண்டிருந்த மைத்துனன் கர்ட்டிஸை வெண்டல் முறைத்தான்.

"தார் ரோட்டுல ஓட்டினியாடா?"

"உன் வண்டிய தொட்டா கைரேகை எடுப்பியே மச்சான், எனக்கெதுக்கு வம்பு?"

"வேற யாரு ஓட்டினது?"

"அப்பா, நேத்து பெட்ரோல் போட நீங்கதானே போனீங்க?" என்றாள் லோர்னா.

"ரோடு முழுக்கப் பனி இருந்துச்சே!"

"போகும்போது இருந்துச்சு. நீங்க திரும்புறதுக்குள்ள பனிவாரி வண்டி வந்து சுரண்டிட்டுப் போயிடுச்சே."

வெண்டல் புதுக் கம்பியை எடுத்து மாட்டினான். போல்ட்டை இறுக்கும் வேலையைக் கர்ட்டிஸிடம் கொடுத்தான்; மன்னிப்பு கேட்க அவனுக்கு அவ்வளவுதான் தெரியும். கர்ட்டிஸ் எழுந்து போனதும், தானே ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் லோர்னாவை ஏறவிட்டான்.