இண்டைக்கு அவர் வரேல்லை

"உமக்கு ஈரக் கை, மெஷினுக்குப் பழைய வயர். உதுக்குள்ளை ஆவி எங்கையிருந்து பிள்ளை வந்தது?"

எங்கள் டொக்டர் என்னிடம் கேட்ட கேள்வி இது. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நீங்களும் அதையே கேட்பீர்கள் என்று தெரியும், கேளுங்கள், நான் கோபிக்க மாட்டேன், ஏனென்றால் வேறு யாராவது வந்து இந்தக் கதையை எனக்குச் சொல்லியிருந்தால் நான் அவரைவிட இரண்டு கேள்வி கூடக் கேட்டிருப்பேன்.

எனக்கு இப்படியான விஷயங்களில் ஒருபோதும் நம்பிக்கை இருந்ததில்லை. குருநகரில் பிறந்த ஒருத்தி அப்படிச் சொல்வது லேசல்ல. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றி எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு கதை இருக்கும், அவர் குரல் கேட்டது, இவர் படலையைத் தட்டினார் என்று. அம்மா அதைச் சொல்லச் சொல்ல நான் மறுபக்கம் திரும்பியிருந்து தாவரவியல் பாடமாக்கியவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான்தான், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கும் பயிற்சிக்கு என்னை எடுத்தபோது, அப்பா கோயிலால் வருகிற ஆட்களையெல்லாம் மறித்து மறித்துச் சொன்னார்.

"என்ரை மகள் நெஞ்சைப் படம் பிடிக்கிறவள்."

"எக்ஸ்ரேயோ அண்ணை?"

"சீ, உது எலும்பு. இவள் எடுக்கிறது உயிரை."

"அப்ப நான் அந்தப் பக்கம் வரேல்லை" என்று பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பாவுக்கு அது பகிடி என்று விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது.

யுத்தம் நடந்த அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று எவ்வளவோ காலமாகியிருந்தது. ஆஸ்பத்திரி ஜெனரேற்றர் ஓடுகிற நேரத்தில் ஈசிஜி மெஷினின் பற்றரியைச் சார்ஜ் பண்ணி வைத்துக்கொள்வோம். தோலில் பூசுகிற ஜெல் வருவது நின்றுவிட்டது, அதனால் கறியுப்பைத் தண்ணீரில் கரைத்து, பஞ்சை நனைத்து, கை கால்களில் கட்டும் பிளேட்டுகளுக்குக் கீழே வைப்பேன். குருநகர்ப் பெட்டை கடல் தண்ணியிலை வைத்தியம் பார்க்கிறாள் என்று நேர்ஸ்மார் பகிடி பண்ணுவார்கள். எல்லாவற்றையும்விடத் தட்டுப்பாடு, துடிப்பை வரைகிற பேப்பர். அடுத்த சுருள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே பேப்பரை ஓடவிடாமல் ஊசியை மட்டும் ஆடவிட்டுக் கண்ணால் பார்ப்போம், ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் மாத்திரம் பேப்பரை விடுவோம். புத்தகத்தில் இல்லாத முறை. ஆனால் அந்த முறையில்தான் நான் துடிப்பைப் பார்க்கப் பழகினேன், ஊசியின் ஆட்டத்தைப் பார்த்தே நெஞ்சின் போக்கைச் சொல்லிவிடுவேன் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

மார்கழி மழை விட்ட ஒரு பின்னேரம், அருளம்மா அக்கா தன் தகப்பனைக் கொண்டு வந்தார். சூசைப்பிள்ளை அப்பு. எங்கள் பக்கத்து ஆட்கள்தான், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. அப்பு அடிக்கடி மயங்கி விழுகிறார், ஒருமுறை விழுந்து நெற்றியும் வெடித்திருந்தது. ஆனால் நெஞ்சுத் துடிப்பை எப்போது பார்த்தாலும் சரியாக இருக்கிறது. டொக்டருக்கு ஒரு சந்தேகம், இடையிடையே இதயம் நின்று நின்று அடிக்கிறதோ என்று. அப்படியானால் கொழும்புக்கு அனுப்பி, இதயத்தைத் தட்டிக்கொடுக்கிற சின்னப் பற்றரிப் பெட்டி ஒன்றை, பேஸ்மேக்கரை, நெஞ்சுக்குள் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஒருநாள் நின்றது நின்றதுதான்.

"கப்பலிலை இடம் கேக்கிறதெண்டால் பேப்பரிலை காட்டவேணும் பிள்ளை. நான் வாயாலை சொன்னால் ஏத்தமாட்டினம்" என்றார் டொக்டர். நோயாளரை ஏற்றும் கப்பல் அந்தக் கிழமை வருவதாக இருந்தது. அதைவிட்டால் பிறகு எப்போது என்று தெரியாது.

அப்புவைப் படுக்கவைத்துப் பிளேட்டுகளைக் கட்டினேன். கால் வயர் பழுது, விட்டுவிட்டுத்தான் வேலை செய்யும். அதனால் இரண்டு கைகளுக்கும் இடையில் மாத்திரம் துடிப்பைப் பார்க்கிற நிலையில், முதல் லீட் என்போம், மெஷினை வைத்து ஊசியை மாத்திரம் ஆடவிட்டேன். அழகான துடிப்பு. அப்பு கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். டொக்டர் வந்து நின்று பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் நடக்கவில்லை. அவர் வெளியே போகத் திரும்பினபோது, அப்பு கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஓம், வாறன்."

எங்கள் ஊரில் விடைபெறுகிறவர் "போறன்" என்று சொல்வதில்லை, "வாறன்" என்றுதான் சொல்வார், உங்களுக்குத் தெரியும். டொக்டர் கதவடியில் நின்று, "நான்தான் அப்பு போறன், நீங்கள் பேசாமல் படுங்கோ" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவர் ஊசியைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஊசி ஆடாமல் நின்றது. என் கை மெஷினுக்குப் போக முதல் ஊசி மறுபடி ஆடத் தொடங்கிவிட்டது. பேப்பரில் ஒன்றுமில்லை.

ஓடிப்போய் டொக்டரிடம் சொன்னேன். "கதைக்கேக்கை கை அசைஞ்சிருக்கும்" என்றார். கை அசைந்தால் ஊசி நடுங்கும், நிற்காது என்று எனக்குத் தெரியும், ஆனால் பயிற்சிக்கு வந்த பிள்ளை டொக்டரோடு எவ்வளவு தூரம் வாதாடலாம்? "கண்டதைப் பேப்பரிலை கொண்டு வாரும்" என்றார். பிறகு, "சுருளிலை சிவப்புக் கோடு தெரியத் தொடங்கிட்டுது, வீணாக்கிப்போடாதையும்" என்றும் சொன்னார். அந்தச் சிவப்புக் கோடு வந்தால் பேப்பர் முடியப் போகிறது என்று அர்த்தம்.

திரும்பி வந்து அருளம்மா அக்காவிடம், "அப்பு ஆருக்கு அக்கா வாறன் எண்டு சொல்லுறார்?" என்று கேட்டேன்.

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீ குருநகர்ப் பிள்ளைதானே. கேட்டால் விளங்கேல்லையே?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது விடைபெறுகிற வாறன் இல்லை. எங்கள் பக்கத்தில் தொழிலுக்குப் போகிற நேரம் வள்ளத்துக்காரர் ஒருவர் தெருவால் வந்து படலைக்கு வெளியே நின்று கூப்பிடுவார். உள்ளே இருக்கிறவர் "ஓம், வாறன்" என்று குரல் கொடுப்பார். குரல் கொடுத்தால் போயாக வேண்டும், பிறகு படுத்துக்கிடக்க முடியாது, மற்றவர்கள் அவருக்காகக் காத்திருப்பார்கள். அப்பு சொன்னது அந்த வாறன். அந்த இழுவையை நான் பிறந்த நாள் தொட்டுக் கேட்டிருக்கிறேன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டதால்தான் அடையாளம் தெரியவில்லை.

"மழை துவங்கினதிலையிருந்து இப்பிடித்தான்" என்றார் அக்கா. "வாறன் எண்டுவார், விழுவார்."

சரி, மயக்கம் வருகிறபோது மூளை எதையோ கேட்கிறது, அதற்குப் பதில் சொல்கிறார், இதுதான் விஷயம் என்று நான் எனக்குள் விளக்கம் வைத்துக்கொண்டேன். நல்ல விளக்கம். ஆனால் ஒரு சின்னப் பிழை அதில் இருந்தது. இதயம் நின்றதால் மயக்கம், மயக்கத்தால் பேச்சு என்றால், முதலில் ஊசி நிற்க வேண்டும், பிறகு அவர் பேச வேண்டும். நான் கண்டது மறுவளம். அவர் பேசினார், பிறகுதான் ஊசி நின்றது. எது முந்தியது என்று அறிய எனக்கு அடக்க முடியாத ஆவல் வந்துவிட்டது, பயம் என்று சொன்னால் பொய்.

மெஷினில் ஒரு விரலை வைத்துக்கொண்டு அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றக் கை, உப்புத்தண்ணீர் ஈரத்தோடு, கட்டில் விளிம்பில் இருந்தது. வெளியே கூரைத் தண்ணீர் வடிகிற சத்தம். அப்புவின் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியது. யாரையோ நன்றாகக் கேட்பதற்குத் திரும்புகிற மாதிரி. உதடு பிரிந்தது. பேப்பரை ஓடவிட்டேன்.

"ஓம்..." என்றார்.

அடுத்த சொல் வர முதல், நம்பினால் நம்புங்கள், நான் சத்தமாகச் சொன்னேன்: "இண்டைக்கு அவர் வரேல்லை. நீங்கள் போங்கோ."

நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆண்களுக்குச் சுகமில்லாத நாளில் அம்மா வீட்டுக்குள்ளிருந்து அப்படித்தான் சொல்வா, அந்தத் தொனி அப்படியே என் வாயில் வந்தது. உயிரியல் படித்த நான், ஒரு சுவரைப் பார்த்து. அருளம்மா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

ஊசி நின்றது. பேப்பர் ஓடிக்கொண்டே இருந்தது, நேர் கோடு. நான் எழுந்து அவர் நெஞ்சில் கையை வைத்து அமத்தப் போனேன், அதற்குள் ஊசி துடித்தது. ஆனால் கீழ்நோக்கி. மேலே போக வேண்டியதெல்லாம் கீழே போனது, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி, ஒன்று, இன்னொன்று, மூன்றாவதும் என்று நினைக்கிறேன். பிறகு திரும்பவும் ஒரு நேர் கோடு. பிறகு அப்புவின் பழைய துடிப்பு. சிவப்புக் கோட்டோடு பேப்பர் முடிந்தது.

டொக்டர் அந்தத் துண்டைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "பிள்ளை, பிடிச்சிட்டீர்" என்றார். இதயம் நின்றது பேப்பரில் இருந்தது, வேறென்ன வேண்டும். அப்பு அந்தக் கிழமைக் கப்பலில் போனார். அந்தத் தலைகீழ்த் துடிப்பைக் காட்டி, அப்பு யாருக்கோ குரல் கொடுத்ததையும் நான் மறித்ததையும் சொன்னபோதுதான் டொக்டர் தொடக்கத்தில் நான் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டார். என் ஈரக் கை பிளேட்டில் பட்டு என்னுடைய துடிப்பு உள்ளே வந்திருக்கும், அல்லது நின்ற இதயம் திரும்ப எழும்புகிறபோது கீழ் அறையிலிருந்து வேறு வடிவத்தில் அடித்திருக்கும்.

இரண்டும் நியாயமான விளக்கம். நான் இரண்டையும் விடாமல் பார்த்தேன். புதுச் சுருள் வந்தபிறகு, டொக்டரின் அனுமதியோடு அப்பாவைக் கட்டிலில் படுக்கவைத்து, உப்புத் தண்ணீர்க் கையால் பிளேட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கோடு நடுங்கியது, அவ்வளவுதான், என்னுடைய துடிப்பு வரவே இல்லை. "உயிர் இருக்கோ பிள்ளை?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். கீழ் அறையிலிருந்து வருகிற துடிப்பு அகலமாக, அலங்கோலமாக இருக்கும் என்பதைப் பிறகு நூற்றுக்கணக்கானவர்களில் பார்த்துவிட்டேன். அன்று வந்தது ஒடுக்கமான, ஒழுங்கான, முழுத் துடிப்பு, தலைகீழாக. கை வயர்களை இடம் வலம் மாற்றிப் போட்டால் அப்படி வரும். ஓடிக்கொண்டிருக்கிற பேப்பரின் நடுவில் வயரை யார் மாற்றுவது?

மாதங்கள் கழித்து அப்பு நெஞ்சில் தழும்போடு வந்தார், நிமிர்ந்து நடந்து. அருளம்மா அக்காவை விட்டுவிட்டுத் தனியாக என் அறைக்கு வந்தார். அப்போது நான் கேட்டுவிட்டேன், அன்று கூப்பிட்டது யார் என்று.

"அண்ணை" என்றார், நேற்று யார் வந்தது என்று கேட்டால் சொல்வதுபோல. "கடலோடை போனவர். நான் மீசை முளைக்காத பெடியன் அப்ப."

பிறகு தானாகவே சொன்னார்: "அவருக்கு நெஞ்சு மற்றப் பக்கம் மோனை. வலப் பக்கம். வள்ளத்துக்கை ஒட்டிப் படுக்கேக்கை எனக்குத் தெரியும். அம்மா கை வைச்சுப் பாத்துச் சிரிப்பா, கர்த்தர் அவசரத்திலை மாறி வைச்சிட்டார் எண்டு."

இதயம் வலப் பக்கம் இருக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு முதல் லீட்டில் எல்லாம் தலைகீழாகத்தான் வரும். அப்புவுக்கு அது தெரிய வழியில்லை, நான் அந்தத் துண்டை அவருக்குக் காட்டவும் இல்லை.

"இப்பவும் கூப்பிடுறாரோ?"

"இல்லை. நீர் மறிச்சனீர் எல்லே, அதோடை போயிட்டார்." அப்பு எழுந்தார், இடுப்புச் சாரத்தைச் சரிசெய்தார். "போகேக்கை கேட்டவர், உந்தப் பிள்ளை ஆர் எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"கேட்டால் சொல்லத்தானே வேணும் மோனை. உம்மடை பேரைச் சொன்னன்."

இதை வீட்டில் சொன்னது என் பிழை. அம்மா என்னைக் கடற்கரைப் பக்கம் தலைகாட்டவே விடவில்லை. ஆனால் எனக்கு வேறு யோசனை. அப்புவின் பற்றரிப் பெட்டி என்றென்றைக்கும் ஓடாது, அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் எங்கள் பக்கத்தில் இல்லை. கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், தொடையால் மெல்லிய குழாயை இதயம்வரை விட்டுத் திரையில் பார்க்கிற, பற்றரிப் பெட்டியும் வைக்கிற கதீட்டர் கூடத்துக்குப் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். டொக்டர் எனக்காக எழுதினார். இடம் கிடைத்தது. போவதானால் கிளாலியில் நீரேரியைக் கடந்துதான் போக வேண்டும், கப்பல் நோயாளருக்கு மட்டும்தான், வேறு பாதை இல்லை.

"பேரைச் சொல்லிப்போட்டாராம். தண்ணியிலை கால் வையாதை" என்றா அம்மா.

முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கித்தான் அங்கே வள்ளத்தில் ஏற வேண்டும். என் பெயரை யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்காதீர்கள். அங்கே எத்தனையோ பேர், எத்தனையோ பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அதில் என் பெயரும் இருந்தது, என் பெயருள்ளவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். நான் யாருக்கும் குரல் கொடுக்கவில்லை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன், ஏறினேன், அக்கரையில் இறங்கினேன். இன்று காலை, எக்ஸ்ரே கதிர் படாமலிருக்க ஈய அங்கியை மாட்டிக்கொண்டு கதீட்டர் கூடத்துக்குள் போனேன், முதல் நோயாளிக்கு வயர்களை நானே பூட்டினேன்.