முள்ளில்லாத படம்

எங்கள் தெருவில் பிள்ளைகளைச் சினிமாவுக்குக் கூட்டிப்போவதென்றால் யாரும் பேப்பரில் விமரிசனம் பார்ப்பதில்லை. யூடியூபில் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவர்களையும் நம்புவதில்லை. மீன் விற்கிற ரஞ்சிதக்காவைத்தான் கேட்போம்.

"அக்கா, புதுசா ஒரு பொம்மைப் படம் வந்திருக்குதாமே?"

"வந்திருக்குது. பாத்துட்டன். நெத்திலி."

விமரிசனம் அவ்வளவுதான். முதலியார்பேட்டைக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டுத் திருதிருவென்று விழிப்பார்கள். நாங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும். நெத்திலி என்றால் முள் உண்டு, ஆனால் மென்று விழுங்கிவிடலாம். பிள்ளை கொஞ்சம் சிணுங்கும், வீடு வந்து சேர்வதற்குள் மறந்துவிடும். சுறா என்றால் முள்ளே கிடையாது, கைக்குழந்தைக்குக்கூட ஊட்டலாம். சங்கராவில் பெரிய முள் இருக்கும். அது எங்கே இருக்கிறதென்றும் தெரியும், அம்மாக்காரி பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துப்போட வேண்டும். கவலை மீன் என்று அக்கா சொல்லிவிட்டால் தியேட்டர் பக்கமே போகக்கூடாது. படம் முழுக்கப் பொடி முள். "பேர்லயே கவலன்னு இருக்குது, அப்புறம் இன்னாத்துக்குக் கொழந்தைக்கு?" என்பாள்.

இந்த வேலைக்கு அவளை யாரும் வைக்கவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் தேங்காய்த்திட்டு ஆற்றுத் துறைமுகத்தில் கட்டிக்கிடந்தன. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருகிற கொஞ்சநஞ்ச மீன் காலை ஒன்பதுக்கே விற்றுத் தீர்ந்துவிடும். வெயிலில் கால் வீங்கிப்போய், கொஞ்ச நேரம் ஏசியில் உட்காரலாம் என்று தியேட்டருக்குப் போனாள். பெரிய ஹீரோ படம், நல்ல கூட்டம். பக்கத்துச் சீட்டு ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டான். அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் பொம்மைப் படத்தின் காலை ஆட்டத்துக்குப் போனாள். மொத்தமே ஏழு பேர். "ஒரு வரிசையே எனக்குன்னு எழுதிக் குடுத்த மாரி இருந்துச்சி," என்று இன்றைக்கும் சொல்லுவாள். ஏசிக்காகப் போனவள் அப்புறம் படத்துக்காகவே போக ஆரம்பித்தாள். பேசுகிற பூனை, பறக்கிற வீடு, மந்திரக் கண்ணாடி, எது வந்தாலும் முதல் வாரத்திலேயே பார்த்துவிடுவாள்.

அவளுடைய கணவர் குமாரவேல் துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுதுபார்க்கிறவர். "பேரன் எடுக்கிற வயசுல பொம்மப் படம் பாக்குதுங்க" என்று கேலி பேசுவார். அக்கா காதிலேயே வாங்க மாட்டாள்.

எங்கள் தெருப் பெண்களுக்காக அவள் ஒரு வாட்ஸப் குரூப் வைத்திருக்கிறாள். பெயர் 'இன்றைய மீன்'. காலையில் அன்றைய மீனைச் சொல்லி வாய்ஸ் வரும், சினிமா பார்த்த அன்றைக்கு மத்தியானம் இன்னொரு வாய்ஸ் வரும். டிராகன் படம் ஒன்றுக்கு அவள் சொன்னதை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "இடைவேள முடிஞ்சி கால் மணி நேரத்துல அப்பன் டிராகன் செத்துப்பூடும். அதுக்கு முன்னாடியே பாப்கார்ன் வாங்கலாம்னு வெளிய இட்டுகினு போயிடு. அஞ்சி நிமிஷத்துல அதுக்கு உயிர் வந்துடும், அப்ப உள்ள வா." என் இரண்டு பையன்களையும் வெளியே நிறுத்திவைத்து, செல்போனில் மணியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அந்த டிராகன் செத்த விஷயமே தெரியாது. பிரான்சிலிருந்து லீவுக்கு வருகிற பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்தா இராமதாஸ்கூட அவளைத்தான் கேட்பார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற மனிதர், யார் சொன்னாலும் கேட்காதவர், மீன்காரி பேச்சுக்கு மட்டும் மறுபேச்சுப் பேச மாட்டார்.

எல்லாப் பிள்ளைகளையும் அக்காவுக்குப் பிடிக்கும் என்றாலும் துர்கா தனி. என் பக்கத்து வீட்டு நிர்மலாவின் மகள், ஆறு வயது. நிர்மலா கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரிலுள்ள நோயாளிகளுக்கெல்லாம் சாப்பாடு இறங்க வைக்கிறவள், பெற்ற பெண்ணின் வாயைத் திறக்கவைக்க முடியாமல் அழுவாள். துர்காவுக்குத் தொண்டையில் இறங்குகிற ஒரே பொருள் ரஞ்சிதக்கா கொண்டுவருகிற மீன்தான். மொபெட் ஹாரன் கேட்டதும் ஓடிவந்து கேட்டில் ஏறி நிற்கும். கூடையைத் திறந்ததும் முதலில் விரல் நீட்டுகிற உரிமை அதற்குத்தான். "மொதலாளி பாத்து சொன்னாதான் நா தராச எடுப்பன்" என்று உச்சிக்கொண்டையும் இரண்டு பக்க மூக்குத்தியுமாக அக்கா காத்திருப்பாள். சொந்த மகள் தேவிப்பிரியா காரைக்காலுக்கு வேலைக்குப் போனதிலிருந்து அக்காவுக்கு எங்கள் தெருவில் அந்த ஒரு நிமிஷம்தான் பெரிய சந்தோஷம். அதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

போன ஜூலையில் ஒரு பொம்மைப் படம் வந்தது. நம் பக்கத்து ஆட்களே எடுத்தது. நிலாவைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிற ஒரு குட்டி மீனின் கதை. அக்காவின் குரலில் அப்படி ஒரு உற்சாகத்தை நாங்கள் கேட்டதில்லை.

"சுறா! பச்ச சுறா! முள்ளே கெடையாது. கடைசில கூடக்காரி ஒருத்தி வர்றா பாருங்க, சிரிச்சி சிரிச்சி எனக்கு வயிறு வலி கண்டுப்போச்சி. அல்லாரும் போங்க."

போனோம். சனிக்கிழமை எங்கள் தெருவிலிருந்து மட்டும் பதினோரு பிள்ளைகள்.

திங்கட்கிழமை ஒரு பிள்ளையும் மீன் சாப்பிடவில்லை. என் சின்னவன் தட்டிலிருந்த மீன் தலையைத் திருப்பிப் பார்த்து, "இது யாரும்மா?" என்று கேட்டான். எனக்கே சோறு இறங்கவில்லை. குரூப்பில் ஒரே சிரிப்பு. "மீன் விக்கிறவளே மீனை ஹீரோவாக்கி அனுப்பிச்சியேக்கா, சொந்த செலவுல சூனியம்னா இதான்" என்று எதிர்வீட்டு பாக்கியலட்சுமி கேலி செய்தாள். அக்காவும் சிரிக்கத்தான் செய்தாள். அவள் நினைத்தது சரி. மீன் குழம்பு கொதிக்கிற வாசனைக்கு முன்னால் எந்தக் கொள்கையும் நாலு நாளுக்கு மேல் நிற்காது. வியாழக்கிழமை என் பையன்கள் இரண்டாவது துண்டு கேட்டார்கள்.

துர்கா மட்டும் மாறவில்லை. அன்றைக்கும் ஹாரன் கேட்டதும் கேட்டுக்கு வரவில்லை. ஜன்னலிலிருந்து கத்தியது.

"வராத பெரிம்மா! மீன் எடுத்துக்கினு வராத! வராத!"

ஜன்னல் படீரென்று சாத்திக்கொண்டது. நிர்மலாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "கொழந்த, அதுக்கு இன்னாக்கா தெரியும்" என்று ஏதோ சொன்னாள். அக்கா கூடையை மூடினாள். மீதித் தெருவுக்கு மீன் கொடுக்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஒரு வாரமும் அதே கதைதான். துர்கா இரண்டு வாய் தயிர்ச்சோற்றோடு எழுந்துகொண்டது. ஒருநாள் அக்கா என் வீட்டு வாசலில் மீன் ஆய்ந்துகொண்டே சொன்னாள். "ஏவாரம் போனா போவுது கலை. மொதலாளி மூஞ்சியே காட்ட மாட்டேங்குதே. ஒரு படத்த தப்பா சொல்லி ஒரு கொழந்தைய எழந்துட்டன்." சொல்லும்போது அவள் கண் கலங்கிவிட்டது. செதில் பட்ட கையால் துடைத்துக்கொள்ள முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டாள்.

அன்றைக்கே அதே படத்தை மறுபடி போய்ப் பார்த்திருக்கிறாள். மத்தியானம் வாய்ஸ் வந்தது. ஏழு வருஷத்தில் அவள் சொன்னதை அவளே மாற்றியது அதுதான் முதல் தடவை.

"நா சொன்னது தப்பு. அது சுறா இல்ல, சங்கரா. சந்தையில அந்தக் குட்டி மீன தராசுல வெக்கிறாங்க பாருங்க, அங்க இருக்குது முள்ளு. மொத தடவ நா அதும் செவுளதான் பாத்துகினு இருந்தன். செவுள் செவப்பா இருக்குதே, புது மீனுன்னு. கண்ண பாக்கல. மன்னிச்சிக்குங்க."

சாயங்காலம் நிர்மலா வீட்டு வாசலில் வந்து நின்றாள். வண்டியில்லை, கூடையில்லை. குளித்து, பவுடர் போட்டு, வேறு புடவை. சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்து அந்த வாய்ஸில் சொன்னதையே மறுபடி சொன்னாள். நானும் நிர்மலாவும் கேட்டருகே நின்றோம்.

ஜன்னல் நாலு விரல் அளவு திறந்தது. "முள்ளு அங்க இல்ல."

"பின்ன எங்க மொதலாளி?"

"ஒனக்கு முள்ளு பாக்கவே தெரில."

அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நாற்பத்தெட்டு வயதில், பிறந்ததிலிருந்து மீனோடு கிடந்தவளைப் பார்த்து ஆறு வயது சொல்கிற சொல். கோபம் வரவில்லை. "நீயே காட்டேன்" என்று கெஞ்சினாள்.

"தேட்டருக்கு வா. காட்றன்."

ஞாயிற்றுக்கிழமை ஒரு பட்டாளமாகக் கிளம்பினோம். நிர்மலா, துர்கா, நான், என் பையன்கள், ரஞ்சிதக்கா. அக்கா இரண்டு தடவை குளித்திருந்தாள். அப்படியும் மூலைச் சீட்டில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தாள். துர்கா அவள் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டது. வழியெல்லாம் அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

சந்தைக் காட்சி வந்தது. அக்கா சீட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு துர்காவையே பார்த்தாள். துர்கா பாட்டுக்குப் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தது. குட்டி மீன் தப்பித்தது, நிலாவைத் தொட்டது, பாட்டு பாடியது. எங்கேயும் துர்கா அசையவில்லை.

கடைசியில் கூடைக்காரி வந்தாள். மீன்களுக்கெல்லாம் எதிரி அவள்தான். மீன் ராஜா மந்திரம் போட்டதும் ஒரு பெரிய அலை எழுந்து வந்து அவளைக் கூடையோடு சுருட்டி இழுத்தது. அவள் காலை உதைத்துக்கொண்டு, குமிழி விட்டுக்கொண்டு கீழே கீழே போனாள். தியேட்டரே சிரித்தது. என் பையன்கள் குதித்தார்கள். நானும் சிரித்தேன். அக்காவுக்கும் தோள் குலுங்க ஆரம்பித்தது.

துர்கா சீட்டின்மேல் மண்டிபோட்டு எழுந்தது. இரண்டு கையாலும் அக்காவின் கண்களை இறுக்கப் பொத்தியது.

"இங்கதான் பெரிம்மா முள்ளு. நீ பாக்காத."

நான் திரும்பித் திரையைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மூக்குத்தி. உச்சியில் முடிந்த கொண்டை. இடுப்பில் தூக்கிச் செருகிய புடவை. அது யார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிரித்த வாயை மூடிக்கொண்டேன்.

"மீனு எடுக்கப் போனா ஒன்னயும் இழுத்துக்கினு பூடும்," என்று துர்கா அழுதுகொண்டே சொன்னது. "நாங்க வாங்கலன்னா நீ போவ மாட்ட இல்ல? அதான் வராதன்னேன்."

"நா கடலுக்குள்ள போறதே இல்லடி கண்ணு. கரையில நின்னு ஏலம் எடுக்கிறவ."

"அல வந்தா?"

"தேங்காத்திட்டு ஆத்துல ஏது அல?"

"நீச்சல் தெரிமா?"

"தெரியாது."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். பொத்தியிருந்த கை இன்னும் இறுகியது. அக்கா அதை விலக்கவில்லை. பெயரெல்லாம் ஓடி, விளக்குப் போட்டு, பெருக்குகிறவர்கள் உள்ளே வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கு வழியாகக் கண்ணீர் வழிந்தது, வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் வாய்ஸ் வந்தது. "கடைசியா சொல்றன், இனிமே மாத்த மாட்டன். சங்கராதான். ஆனா முள்ளு சந்தையில இல்ல. அல்லாரும் சிரிக்கிற எடத்துல இருக்குது. எனக்கு மொதலாளி எடுத்துப் போட்டுச்சி."

திங்கட்கிழமை எட்டரைக்கு ஹாரன் கேட்டது. துர்கா கேட்டில் ஏறி நின்றது. அக்கா கூடையைத் திறந்தாள். துர்கா கூடையைப் பார்க்கவில்லை. குனிந்து அக்காவின் புடவை ஓரத்தைப் பிடித்துப் பார்த்தது. ஈரமாக இருந்தது. முகம் மாறிவிட்டது.

"அய்ய, அது ஐஸ் தண்ணி மொதலாளி!"

துர்கா நம்பவில்லை. ஈரத்தைத் தொட்டு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தது. நிர்மலா உள்ளேயிருந்து "ஐயே, துப்பு!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள். துர்கா நிதானமாகச் சப்புக்கொட்டிப் பார்த்தது. கடல் உப்பு இல்லை.

"சரி, இது," என்று ஒரு சங்கராவைக் காட்டியது.