தயிர் டப்பாவில் வெடிமருந்து

பசுபதியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வாய் கசக்கும். அமெரிக்காவில், ஆலன் என்கிற ஊரில் எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் மேனேஜர். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகிற எந்தப் பாட்லக் விருந்துக்குப் போனாலும் சோற்றுத் தட்டோடு நம்மை மடக்கி, கராஜில் தானே தோட்டா செய்கிற கதையை ஆரம்பித்துவிடுவார். என் புருஷன் சபரி அதைக் கேட்டு மயங்கி ஒரு கைத்துப்பாக்கியே வாங்கிவிட்டான்.

வேலையில் ஆள் சுத்தம், இல்லையென்று சொல்லவில்லை. புத்தகத்தில் போட்டிருக்கிற குறைந்த மருந்து அளவில்தான் தொடங்குவார். சுட்டுப் பார்த்து, தோட்டாவின் பித்தளைக் கூட்டில் வீக்கமோ விரிசலோ இல்லையென்றால்தான் இத்துனூண்டு ஏற்றுவார். ஒவ்வொரு கூட்டிலும் டார்ச் அடித்து, மருந்து இரண்டு தரம் விழுந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். ஆனால் ஒரு காலி டப்பாவைக்கூடத் தூக்கிப்போட மனசு வராத ஜென்மம்.

போன சனிக்கிழமை, சபரிக்கென்று செய்து வைத்த தோட்டாக்களை வாங்கப் போனோம். மேஜையில் இரண்டு தயிர் டப்பா. இரண்டிலும் ஒரே மாதிரி கறுப்புப் பொடி.

"இது என்னண்ணா?"

"மீந்த பவுடருங்க அம்மிணி. பெரிய டப்பா ரெண்டும் எடத்த அடைக்குதுன்னு இதுல கொட்டி வெச்சுட்டேன். மாப்ளைக்கு இதுலதான் செஞ்சேன்."

"எது எதுன்னு எப்படித் தெரியும்?"

ஒன்றைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார். "மோந்து பாத்தாப் போச்சுங்க. சாம்பார் பொடி எது, ரசப்பொடி எதுன்னு உங்களுக்குத் தெரியாதாக்கு?"

அடப்பாவி! ஒரு மருந்து நிதானமாக எரியும், இன்னொன்று சட்டென்று எரியும், மாற்றிப் போட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த வாய் அது. வேண்டாம், வா என்று சபரியை இழுத்தேன். மூத்தவரிடம் முகத்துக்கு நேராக மறுக்க அவனுக்குத் தைரியம் இல்லை, வாங்கிக்கொண்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டேகேருக்குப் போகிற மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் அவர்களோடு துப்பாக்கி சுடுகிற ரேஞ்சுக்குக் கிளம்பினேன்.

அங்கே சபரி அந்தத் தோட்டாக்களைப் போட்டு நிரப்பினான். பக்கத்தில் பசுபதியும் நிரப்பினார். எட்டிப் பார்த்தேன். அவர் முன்னால் இருந்தது கடையில் வாங்கின புது அட்டைப்பெட்டி.

"ஏண்ணா, நீங்க செஞ்சது எங்க?"

"அது... மாப்ளைக்குன்னு ஸ்பெஷலாச் செஞ்சதுங்க."

"அப்ப மொதல்ல நீங்க அதுல ஒண்ணு சுட்டுக் காட்டுங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "வெளையாடாதீங்க அம்மிணி. எனக்கு ரெண்டு கொழந்தைங்க இருக்குதுங்க."

"எங்க வீட்ல இருக்கறது என்ன, பொம்மையா?" என்று கத்தினேன். ரேஞ்சே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே.

சபரி துப்பாக்கியை மேஜைமேல் வைத்தான். தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான்.