செல்விக்குத் தந்த பூஞ்சை மண்

முத்தையாபுரம் நர்சரியில் என் கன்று வரிசைக்கு அடுத்த வரிசை செல்வியுடையது. முதலாளி எப்போதும் அவளைத்தான் பாராட்டுவார். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அவர் என்னிடம் ஒரு சாக்கு மண்ணைத் தந்து, "பூஞ்சை கலந்தது. மலைவேம்புக் கன்னுக்குப் போட்டுப் பாரும்மா" என்றார். பூஞ்சை வந்தால் வேர் அழுகும் என்பதுதான் நான் கண்டது. "ஏளா, நீயே வச்சிக்கோ" என்று செல்வியிடம் தள்ளிவிட்டேன். அவள் கன்றுகள் அழுகட்டுமே.

மூன்றே மாதத்தில் அவை இடுப்பளவு வளர்ந்தன. என்னுடையவை முழங்காலைத் தாண்டவில்லை. வேருக்கு நீரும் சத்தும் தேடித் தரும் பூஞ்சையாம் அது.

பாராட்ட வந்த முதலாளியிடம் செல்வி, "இவ தந்த மண்ணு அண்ணாச்சி. தனக்கு வச்சிக்கிடாம எனக்குத் தந்தா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்றுவரை அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. அவ்வளவு நல்லவளாக அவள் இருப்பதிலும் எனக்குப் பொறாமைதான்.